கிரகணமா, தேதியா? ஒரு சின்ன மஞ்சள் மாத்திரையின் 60 வருஷக் கதை

(எபிசோடில் பேசியதைக் கொஞ்சம் சுருக்கி, திருத்தி எழுத்தாக்கியது.)

இன்னைக்கு எபிசோட் போருக்கும் போகாது, ராஜாக்களுக்கும் போகாது. ஒரு மெடிக்கல் ஷாப் கவுன்ட்டர்ல ஆரம்பிக்குது.

போன மாசம் அக்காவோட மருந்துச் சீட்டை எடுத்துட்டுப் போய் கடையில நின்னேன். சீட்டில் ஒரே ஒரு வரி. ஃபோலிக் ஆசிட், 5 மில்லிகிராம், தினம் ஒன்று. கடை அண்ணன் சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பின்னாடி இருந்த அலமாரியிலிருந்து ஒரு பெரிய டப்பாவை எடுத்து வெச்சார். மேல கர்ப்பிணிப் பெண் படம், பின்னாடி இருபது பெயர். "தம்பி, இதுல எல்லா விட்டமினும் இருக்கு. அது வெறும் ஒண்ணுதான்."

எனக்கு ஒரு நிமிஷம் ஆட்டம் கண்டுடுச்சு. எல்லாம் இருக்கறது நல்லதுதானே? விலை பல மடங்கு. ஆனா அக்கா விஷயம், காசு பார்க்கலாமா?

கடைசியில சீட்டுல இருந்ததையே வாங்கிட்டு வந்தேன். ஆனா அந்தக் கேள்வி மண்டைக்குள்ளயே ஓடிட்டு இருந்துச்சு. இருபது பெயர்ல டாக்டர் ஏன் ஒண்ணை மட்டும் எழுதினாங்க? அதுவும் அக்கா இன்னும் கர்ப்பமே ஆகலை. அதுக்குள்ள எதுக்கு மாத்திரை?

பதில் தேடிப் போனப்ப பம்பாய் மில் தெரு, குன்னூர், நம்ம திருவல்லிக்கேணி, லிவர்பூல்னு ஒரு பெரிய சுற்று சுத்த வேண்டியதாச்சு. அதைத்தான் இன்னைக்கு சொல்லப் போறேன்.

முதல்லயே ரெண்டு விஷயம். நான் சாஃப்ட்வேர் இன்ஜினியர், டாக்டர் இல்லை. இது வரலாறு, மருந்துச் சீட்டு இல்லை. ரெண்டாவது, அக்காவோட கதையை அவ அனுமதி வாங்கித்தான் சொல்றேன். "சொல்லுடா, நாலு பேருக்கு உதவும்"னா.

2019 டிசம்பர் 26

அந்தத் தேதி பலருக்கு ஞாபகம் இருக்கும். காலையில் சூரிய கிரகணம். திருச்சியில் சூரியன் நெருப்பு வளையமாகவே தெரிந்தது. அக்கா அப்போது திருச்சியில்தான் இருந்தாள், முதல் கர்ப்பம். வீட்டில் ஜன்னலை எல்லாம் மூடி, அவளை உள்ளே உட்கார வைத்திருந்தார்கள். நடுவில் பசிக்கிறது என்று சமையலறைக்குப் போய் கொஞ்சம் தேங்காய் துருவினாள். அவ்வளவுதான்.

பிப்ரவரியில், ஐந்தாம் மாத ஸ்கேனில், குழந்தையின் முதுகுத்தண்டு சரியாக மூடவில்லை என்று சொன்னார்கள். பாதிப்பு கடுமையானது. அந்தக் கர்ப்பம் அங்கேயே முடிந்தது.

அதுக்கப்புறம் வீட்டுக்கு வந்த ஒவ்வொரு உறவும் ஒரே கேள்வி. "கிரகணத்தன்னைக்கு என்ன பண்ணினா?" தேங்காய் துருவின விஷயம் எப்படியோ வெளிய வந்துடுச்சு. யாரும் கோபமாச் சொல்லல. பாவமாத்தான் சொன்னாங்க. அதுதான் அதிகம் வலிச்சது. அக்கா எதிர்த்து ஒரு வார்த்தை பேசல. அவளும் உள்ளுக்குள்ள அதை நம்பிட்டான்னு எனக்கு ரொம்ப நாள் கழிச்சுத்தான் தெரிஞ்சது.

இதை இங்கே நிறுத்திட்டு, தொண்ணூறு வருஷம் பின்னாடி போவோம்.

பம்பாய்: ரத்தம் இல்லாத தாய்மார்கள்

1928. லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய் வந்து இறங்குகிறார். வயது 40. கேம்பிரிட்ஜில் தாவரவியலும் புவியியலும் படித்தவர். படித்தார், பரீட்சை எழுதினார், ஆனால் முழுப் பட்டம் கிடையாது. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்க ஆரம்பித்ததே 1948-ல்தான். அதன் பிறகு லண்டனில் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1920-ல் மருத்துவர் ஆனார்.

அவரைப் பம்பாய்க்கு வரவழைத்தது ஒரு கேள்வி. இங்கே கர்ப்பிணிகள் ஏன் இப்படிச் சாகிறார்கள்? தாய்மார் மரணம் பற்றிய ஒரு பெரிய ஆய்வு அப்போது நடந்துகொண்டிருந்தது. கர்ப்பிணிகளிடம் ஒரு விசித்திரமான ரத்தசோகை இருந்தது. சாதாரண ரத்தசோகையில் சிவப்பணுக்கள் சிறுத்து வெளுத்திருக்கும். இவர்களுக்கோ எண்ணிக்கை குறைவு, ஆனால் ஒவ்வொரு அணுவும் வழக்கத்தைவிடப் பெரிசு. முற்றினால் தாய் பிழைப்பது கஷ்டம்.

ஹாஃப்கின் நிலையத்தை மையமாக வைத்து வில்ஸ் வேலையை ஆரம்பித்தார். முதலில் ஏதாவது கிருமியா என்று தேடினார். இல்லை. பிறகு யாருக்கு வருகிறது, யாருக்கு வரவில்லை என்று பார்த்தார். வசதியான வீடுகளில் குறைவு. ஏழை முஸ்லிம் பெண்களிடம் அதிகம். அவர்கள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பட்டியல் போட்டுப் பார்த்தால் காய், பழம், பால், கறி எல்லாமே சொற்பம்.

சரி, சாப்பாடுதான் காரணம் என்று எப்படி நிரூபிப்பது? அதே சாப்பாட்டை எலிகளுக்குக் கொடுத்தார். எலிகளுக்கும் ரத்தசோகை வந்தது. ஈஸ்ட் சேர்த்துக் கொடுத்ததும் அது தடுக்கப்பட்டது. கேஸ் முடிஞ்சுதுன்னு நினைச்சீங்களா? இல்லை. அந்த எலிகளின் ரத்தசோகையில் பேன் பரப்பிய ஒரு கிருமிக்கும் பங்கு இருந்தது என்று பிறகு தெரிந்தது. நம்ம பாஷையில சொன்னா, டெஸ்ட் என்விரான்மென்ட்டே கெட்டுப் போயிருந்துச்சு. ரிசல்ட் சரியா வந்த மாதிரி இருந்தது, ஆனா அதை நம்ப முடியாது.

அவர் விடவில்லை. அடுத்து குரங்குகள். அங்கேதான் கதைக்குள் ஒரு பாட்டில் நுழைகிறது. மார்மைட்.

கறுப்பான ஒரு பாட்டில்

இலங்கையிலிருந்து கேட்கிறவர்களுக்கு மார்மைட் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. அங்கே பல வீட்டு அலமாரியில் இருக்கும். தெரியாதவர்களுக்கு: பீர் காய்ச்சி முடித்ததும் மிச்சமாகிற ஈஸ்ட்டிலிருந்து எடுக்கும் கறுப்பான, உப்புச் சுவையுள்ள பசை. ரொட்டியில் தடவிச் சாப்பிடுவார்கள். 1902-ல் இங்கிலாந்தில், பீர் ஆலைகளுக்குப் பேர்போன பர்ட்டன் நகரில் ஆரம்பித்த கம்பெனி. ரொம்ப மலிவு.

இதைக் கொடுத்ததும் குரங்குகள் தேறின. அடுத்து, நோயாளிகளுக்கே கொடுத்துப் பார்த்தார். சாகக் கிடந்த பெண்களின் ரத்தத்தில் சில நாட்களிலேயே புதுச் சிவப்பணுக்கள் வர ஆரம்பித்தன. 1931-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் இது வெளியானது.

இந்த வருஷங்களில் அவர் பம்பாயிலேயே உட்கார்ந்திருக்கவில்லை. 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு வந்தார். ராபர்ட் மெக்காரிசனின் உணவு ஆராய்ச்சிக்கூடம் அங்கேதான் இருந்தது. ஊட்டி டிரிப்பில் நாம கடந்து போற அதே குன்னூர். 1931 தொடக்கத்தில் சென்னை, கோஷா ஆஸ்பத்திரி. 1885-ல் மேரி ஷார்லிப் என்ற பெண் மருத்துவர் தொடங்கியது. ஆண் மருத்துவரிடம் போக முடியாத பெண்களுக்காகவே வந்த ஆஸ்பத்திரி. இன்றைக்கு அரசு கஸ்தூர்பா காந்தி தாய் சேய் நல மருத்துவமனை. ஆனா திருவல்லிக்கேணியில ஆட்டோக்காரர்கிட்ட "கோஷா ஆஸ்பத்திரி"ன்னு சொன்னாத்தான் சட்டுனு புரியும்.

ஒரு முக்கியமான விஷயம் இங்கே இருக்கு. அந்தக் காலத்தில் வேறொரு கொடிய ரத்தசோகைக்கு ஈரல் மருந்து என்று 1926-ல் கண்டுபிடித்திருந்தார்கள். அதற்கு 1934-ல் நோபல் பரிசும் கிடைத்தது. சுத்திகரித்த ஈரல் சாறு அந்த நோய்க்கு நன்றாக வேலை செய்தது. ஆனால் வில்ஸின் நோயாளிகளுக்கு வேலை செய்யவில்லை. சுத்திகரிக்காத ஈரலும் மார்மைட்டும்தான் கேட்டன. அப்படியென்றால் சுத்திகரிக்கும்போது ஏதோ ஒன்று வெளியே போய்விடுகிறது. அந்த ஏதோ ஒன்றுதான் இந்தப் பெண்களுக்கு வேண்டியது. அதன் பெயர் அவருக்குத் தெரியாது. உலகத்தில் யாருக்குமே தெரியாது. "வில்ஸ் காரணி" என்று பின்னால் கூப்பிட்டார்கள்.

பெயர் தெரியாமலேயே உயிர் காப்பாற்ற முடிந்தது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

கீரையிலிருந்து பெயர்

1941. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் மிட்செல், ஸ்னெல், வில்லியம்ஸ் என்ற மூவர், நாலு டன் பசலைக்கீரையை அரைத்து வடித்து, துளியூண்டு பொருளைப் பிரித்தெடுத்தார்கள். இலைக்கு லத்தீனில் ஃபோலியம். அதனால் ஃபோலிக் ஆசிட். ஆனால் நாலு டன் கீரைக்குத் துளி என்றால் எத்தனை பேருக்கு மருந்து கொடுக்க முடியும்? ஆய்வுக்கூடத்தில் செய்ய வேண்டும்.

அதைச் செய்து முடித்தது லெடர்லே ஆய்வுக்கூடம், 1945-ல். அந்தக் குழுவின் தலைவர் எல்லாப்ரகடா சுப்பாராவ். 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். மெட்ரிக் தேறியது திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியில், மருத்துவம் படித்தது மெட்ராஸ் மெடிக்கல் காலேஜில். கதராடை போட்டுக்கொண்டு வந்தார் என்று அறுவை சிகிச்சைப் பேராசிரியருக்குக் கோபம். அதன் விளைவாக எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதில் அதைவிடக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கிடைத்தது. 1923-ல் பாஸ்டன் போய், ஆஸ்பத்திரியில் இரவுநேர வேலை பார்த்துக்கொண்டே ஆராய்ச்சி செய்தவர்.

பார்த்தீங்களா, வில்ஸ் நோயாளிகளைப் பார்த்த ஆஸ்பத்திரியும் சுப்பாராவ் படித்த பள்ளியும் ஒரே திருவல்லிக்கேணி. அவர் மெட்ராஸை விட்டுப் போனபோது வில்ஸ் இந்தியாவுக்கே வரவில்லை. ரெண்டு பேர் பாதையும் அங்கே சந்திக்கவில்லை. ஆனால் ஒருவர் தேடிய பொருளை இன்னொருவரின் குழு செய்து கொடுத்தது.

இந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது? சுருக்கமா சொல்றேன். ஒரு செல் இரண்டாகப் பிரிய வேண்டும் என்றால் டி.என்.ஏ.-வை நகல் எடுக்க வேண்டும். அந்த நகலுக்கான ஒரு மூலப்பொருளைச் செய்ய ஃபோலேட் வேண்டும். அது இல்லையென்றால் செல் வளர்ந்துகொண்டே போகும், பிரிய முடியாது. இப்போ பம்பாய்ப் பெண்களின் ரத்தத்தில் ஏன் எண்ணிக்கை குறைவு, அளவு பெரிசு என்று புரியுதா? வளர்ந்து நின்று, பிரிய முடியாமல் தவித்த செல்கள் அவை.

ஆக, வேகமாகப் பிரிகிற செல்கள் எங்கே இருக்கோ, அங்கே ஃபோலேட் இல்லாதது முதலில் தெரியும். எலும்பு மஜ்ஜை ஒன்று. இன்னொன்று, கரு.

எதை எடுத்தால் எது உடைகிறது

கரு பற்றிய முதல் எச்சரிக்கை எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. சுப்பாராவின் குழு ஃபோலிக் ஆசிட்டைத் தடுக்கிற அமினாப்டரின் என்ற பொருளையும் செய்தது. அதை வைத்துத்தான் சிட்னி ஃபார்பர் 1948-ல் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளுக்குத் தற்காலிகமாகவாவது நோய் தணிந்தது என்று காட்டினார். கீமோதெரபியின் ஆரம்பப் புள்ளிகளில் ஒன்று அது. அந்த வருஷமே சுப்பாராவ் இறந்துபோனார், வயது 53.

1950-களில் அதே பொருள் கர்ப்பிணிகளின் உடலுக்குள் போனபோது, கரு கலையாமல் தப்பிய சில குழந்தைகளுக்குக் கடுமையான பிறவிக் குறைகள் இருந்தன. ஃபோலேட்டைத் தடுத்தால் கரு உருவாவதே தடுமாறுகிறது.

1965. இங்கிலாந்தின் லிவர்பூலில் ஹிப்பர்ட், ஸ்மித்தெல்ஸ் என்ற இருவர் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். முதுகுத்தண்டு, மூளைக் குறைபாடோடு குழந்தை பெற்ற தாய்மாரிடம் ஃபோலேட் கோளாறு அதிகம் தெரிகிறது என்று. லூசி வில்ஸ் இதைப் பார்க்கவில்லை. 1964 ஏப்ரலில் காலமானார்.

ஸ்மித்தெல்ஸ் அடுத்த கட்டத்துக்குப் போக நினைத்தார். ஏற்கெனவே ஒரு குழந்தையை இப்படி இழந்த தாய்மாரை இரண்டாகப் பிரித்து, பாதிப் பேருக்கு விட்டமின், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. அடுத்த கர்ப்பம் எப்படி வருகிறது என்று பார்க்கலாம். நெறிமுறைக் குழுக்கள் மறுத்தன. ஆபத்தில் இருக்கிற பெண்ணுக்கு வெற்று மாத்திரை கொடுப்பதா என்றார்கள்.

கேட்க நியாயமாத்தான் இருக்கு, இல்லையா? அதனால் அவர் விரும்பியவர்களுக்கு விட்டமின் கொடுத்தார். கர்ப்பமான பிறகு வந்தவர்களை, அதாவது மாத்திரை எடுக்காதவர்களை, ஒப்பிட வைத்துக்கொண்டார். 1980-ல் முடிவு. எடுத்தவர்கள் 178 பேரில் ஒருவருக்கு மறுபடி அதே குறை. எடுக்காதவர்கள் 260 பேரில் 13 பேருக்கு.

எண்ணைப் பார்த்தா பிரமாதம். ஆனா ஏ/பி டெஸ்ட் பண்ணின யாரும் உடனே கேட்பாங்க, ரெண்டு குரூப்பும் ஒரே மாதிரி ஆட்களா? முன்கூட்டியே திட்டமிட்டு டாக்டர்கிட்ட வர்ற பெண் வேற, வர முடியாத பெண் வேற. வசதி, படிப்பு, சாப்பாடு எல்லாமே மாறும். விமர்சகர்களும் அதையேதான் கேட்டார்கள். கூடவே இன்னொரு கேள்வி. அவர் கொடுத்தது பல விட்டமின் கலந்த மாத்திரை. வேலை செய்தது அதில் எது?

என் கடை அண்ணன் டப்பாவும் சீட்டும் வெச்ச அதே கேள்வி. எல்லாமா, ஒண்ணா?

1,817 அக்காக்கள்

பதில் சொன்னது பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், 1983-ல் தொடங்கிய சோதனையில். தலைமை நிக்கோலஸ் வால்ட். 7 நாடுகள், 33 மையங்கள், 1,817 பெண்கள். அந்த 1,817 பேரும் ஏற்கெனவே ஒரு கர்ப்பத்தில் இந்தக் குறையைச் சந்தித்தவர்கள். அடுத்த குழந்தைக்குத் தயாராகிறவர்கள். அதாவது, எங்க அக்கா மாதிரி 1,817 பேர்.

குலுக்கல் முறையில் நாலு குழு. ஒன்றுக்கு ஃபோலிக் ஆசிட் மட்டும், 4 மில்லிகிராம். இன்னொன்றுக்கு ஏ, பி, சி, டி என்று மற்ற விட்டமின்கள் மட்டும். மூன்றாவதற்கு இரண்டும். நாலாவதற்கு இரண்டும் இல்லை. யாருக்கு எது என்று பெண்ணுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எவ்வளவு அழகான டிசைன் பாருங்க. ஒரே சோதனையில ரெண்டு கேள்விக்கும் பதில்.

1991 ஏப்ரலில், முடியும் முன்பே சோதனையை நிறுத்தினார்கள். அதற்கு மேல் வெற்று மாத்திரை கொடுப்பது நியாயமில்லை என்கிற அளவுக்கு வித்தியாசம் தெரிந்துவிட்டது. முடிவு தெரிந்த 1,195 கர்ப்பங்களில் 27-ல் மறுபடி குறை. அந்த 27-ல் 21 ஃபோலிக் ஆசிட் இல்லாத குழுக்களில். இருந்த குழுக்களில் வெறும் 6. கணக்குப் போட்டால் 72 சதவீதம் பாதுகாப்பு. மற்ற விட்டமின்கள்? சொல்லிக்கொள்கிற மாதிரி எந்தப் பலனும் தெரியவில்லை.

அடுத்த வருஷம் ஹங்கேரியில் நடந்த சோதனை, இதற்கு முன் இப்படி நடக்காத பெண்களிடமும் பலன் தெரிகிறது என்று காட்டியது. ஃபோலிக் ஆசிட் உள்ள விட்டமின் எடுத்தவர்களில் ஒருவருக்கும் இல்லை. எடுக்காதவர்களில் 6.

பம்பாய்ப் பெண்ணுக்கு மார்மைட் கொடுத்த 1931-லிருந்து இந்த முடிவு வர 60 வருஷம். சீட்டில் ஏன் ஒரே வரி என்பதற்கான பதில் இந்த 60 வருஷத்துக்குள் இருக்கு. டாக்டர் கஞ்சத்தனம் பண்ணலை. 1,817 பெண்கள் சொன்ன பதிலை எழுதிக் கொடுத்திருக்காங்க.

28-ம் நாள்

இப்போ அடுத்த கேள்வி. கர்ப்பம் ஆகும் முன்னாடியே ஏன்?

கரு ஆரம்பத்தில் ஒரு தட்டையான தகடு மாதிரி இருக்கும். அதன் நடுப்பகுதி மடங்கி, இரண்டு ஓரமும் சேர்ந்து, ஒரு குழாயாக மூடும். இலையைச் சுருட்டி ஓரத்தை ஒட்டுகிற மாதிரி. இந்தக் குழாய்தான் பின்னால் மூளையாகவும் தண்டுவடமாகவும் ஆகிறது. மேல்பக்கம் மூடாவிட்டால் மூளை உருவாகாது. கீழ்ப்பக்கம் மூடாவிட்டால் முதுகுத்தண்டில் பிளவு. இந்த மூடல் முடிவது, கரு உண்டான சுமார் 28-ம் நாளில்.

28 நாள். நாள் தள்ளிப்போச்சே என்று சந்தேகம் வருவதற்கே அதில் 14 நாள் போயிடும். டெஸ்ட் எடுத்து, வீட்டில் சொல்லி, அப்பாயின்ட்மென்ட் வாங்கி, டாக்டர் முன்னாடி உட்காரும்போது பெரும்பாலும் அந்தக் குழாய் மூடியாச்சு. இல்லை, மூடாமல் நின்றாச்சு.

இதைப் படிச்ச அன்னைக்கு ராத்திரி அக்காவோட பழைய ஃபைலை போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பிரொடக்ஷன்ல ஏதாவது உடைஞ்சா நாங்க முதல்ல பார்க்கறது டைம்ஸ்டாம்ப்தான். எது முதல்ல நடந்தது, எது அப்புறம் நடந்ததுன்னு. அதே மாதிரி ஒரு ஷீட்ல தேதிகளைப் போட்டேன்.

கடைசி மாதவிலக்கு, 2019 அக்டோபர் 10. கரு உண்டானது ஏறக்குறைய அக்டோபர் 24. குழாய் மூடவேண்டிய நாள், நவம்பர் 21 வாக்கில். டாக்டரை முதல் தடவை பார்த்தது நவம்பர் 28. அன்னைக்குத்தான் முதல் ஃபோலிக் ஆசிட் மாத்திரை. கிரகணம், டிசம்பர் 26.

கிரகணத்துக்கு ஒரு மாசத்துக்கும் முன்னாடியே எல்லாம் முடிஞ்சிருக்கு.

அக்காவுக்கு போன் பண்ணி ஒவ்வொரு தேதியாச் சொன்னேன். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. அப்புறம் கேட்டா, "அப்ப நான் தேங்காய் துருவினதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லையாடா?"

"இல்லக்கா."

"இன்னொரு தடவை சொல்லு."

சொன்னேன்.

உடனே அடுத்த கேள்வி கேட்டா. "அப்ப மாத்திரையை முன்னாடியே போடாதது என் தப்பா?" இதுக்கு நான் தயாரா இல்லை. கிரகணத்தை எடுத்துட்டு அந்த இடத்துல மாத்திரையை வெச்சுட்டேனோன்னு பயந்துட்டேன். அவகிட்ட சொன்னதையே உங்ககிட்டயும் சொல்றேன். 72 சதவீதம்னா 100 இல்லை. மாத்திரை எடுத்த குழுக்கள்லயும் 6 பேருக்கு மறுபடி வந்தது. மரபணு, சர்க்கரை நோய், சில வலிப்பு மருந்துகள்னு வேற காரணங்களும் உண்டு. ஒரு தனி ஆளைக் காட்டி இதனாலதான்னு யாராலயும் சொல்ல முடியாது. முன்னாடியே போடணும்னு அவகிட்ட யாரும் சொல்லவே இல்லை. சொல்லாத விஷயத்தைச் செய்யலைன்னா அது எப்படி அவ தப்பாகும்?

ஒரே பொருள், ரெண்டு வேலை, ரெண்டு நேரம்

இந்த நேரச் சிக்கல் அரசுகளுக்கும் புரிந்தது. 1992-ல் அமெரிக்கா, கர்ப்பமாக வாய்ப்புள்ள எல்லாப் பெண்களும் தினம் 400 மைக்ரோகிராம் எடுக்கலாம் என்றது. ஆனால் எல்லாக் கர்ப்பமும் திட்டம் போட்டா வருது? அதனால் 1998 ஜனவரி முதல், செறிவூட்டிய மாவு வகைகளில் 100 கிராமுக்கு 140 மைக்ரோகிராம் சேர்ப்பதைக் கட்டாயமாக்கினார்கள். அதன்பிறகு அங்கே இந்தக் குறைபாடுகள் கண்கூடாகக் குறைந்தன. வேடிக்கை என்னவென்றால், சோதனையை நடத்திய பிரிட்டன் மாவில் சேர்க்க முடிவெடுத்தது 2021-ல். 30 வருஷம் கழித்து.

நம்ம ஊரில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் கொடுக்கிற சிவப்பு மாத்திரையை எல்லாரும் பார்த்திருப்போம். 60 மில்லிகிராம் இரும்பு, 500 மைக்ரோகிராம் ஃபோலிக் ஆசிட். நாலாம் மாசத்திலிருந்து 180 நாள், பிரசவத்துக்குப் பிறகு இன்னொரு 180 நாள். இது தாயின் ரத்தத்துக்கானது. லூசி வில்ஸ் பம்பாயில் பார்த்த பிரச்சினைக்கான பதிலின் தொடர்ச்சி. இன்னைக்கும் ரொம்பத் தேவையான மாத்திரை, தயவுசெஞ்சு குப்பையில போடாதீங்க.

ஆனால் முதுகுத்தண்டுக்கு நாலாம் மாசம் ரொம்ப லேட். அதற்கான மாத்திரை கர்ப்பத்துக்கு முன்பே ஆரம்பித்து, முதல் மூன்று மாதம் வரை. சாதாரணமாக 400 மைக்ரோகிராம். அக்கா மாதிரி ஏற்கெனவே ஒரு தடவை நடந்தவர்களுக்கு அதைவிடப் பத்து மடங்குக்கும் மேல், டாக்டர் சொல்லித்தான். நம்ம வீடுகள்ல இந்த ரெண்டையும் போட்டுக் குழப்பிக்கறோம். "அதான் மாத்திரை சாப்பிடறாளே"ங்கறோம். எந்த வேலைக்கு, எந்த நேரத்துலங்கறதுதான் விஷயம்.

அந்த இருபது பெயர் டப்பா பத்தி ஒரு வார்த்தை. அது கெட்டதுன்னு நான் சொல்லல. சிலருக்கு டி வேணும், சிலருக்கு பி12 வேணும். சைவம் சாப்பிடறவங்க பி12 பத்திக் கண்டிப்பா டாக்டர்கிட்ட கேளுங்க, ஏன்னா ஃபோலிக் ஆசிட் அதிகமானா பி12 குறைபாட்டோட ரத்தசோகையை மறைச்சிடும், நரம்பு பாதிப்பு சத்தமில்லாம வளரும். ஆனா நிறைய இருந்தா நல்லதுங்கறது மட்டும் தப்பு. விட்டமின் ஏ, அதிலும் ரெட்டினால் வகை, அளவு மீறினால் கருவையே பாதிக்கும். 1990-ல் பிரிட்டன் அரசு கர்ப்பிணிகளை ஈரல் சாப்பிட வேண்டாம் என்றது, அதில் அது அதிகம் என்பதால். 1931-ல் மருந்தாக இருந்த அதே ஈரல். அதனால ரெண்டு மூணு டப்பாவை நீங்களாச் சேர்த்துப் போடாதீங்க.

கடைசியா

இந்தக் கதையில என்னை ரொம்பப் படுத்தினது ஒண்ணுதான். லூசி வில்ஸுக்கு பெயர் இருக்கு. 2019 மே மாசம் கூகுள் அவருக்கு டூடுல் கூடப் போட்டது. சுப்பாராவுக்கு பெயர் இருக்கு. ஆனா மார்மைட்டை முழுங்கி, விரலைக் குத்த விட்டு ரத்தம் கொடுத்த பம்பாய், மெட்ராஸ் பெண்களோட பெயர் நமக்குத் தெரியாது. ஒரு குழந்தையை இழந்த பிறகு, தனக்குக் கிடைக்கறது மருந்தா வெற்று மாத்திரையான்னே தெரியாம சரின்னு சொன்ன 1,817 பேரோட பெயரும் தெரியாது. அக்கா கையில இருக்கற அந்தச் சின்ன மஞ்சள் மாத்திரை அவங்க கொடுத்தது.

உங்க வீட்ல, ஃப்ரெண்ட்ஸ்ல, ஆபீஸ்ல யாராவது குழந்தை பத்தி யோசிக்க ஆரம்பிச்சிருந்தா, கர்ப்பமான பிறகு இல்லை, இப்பவே டாக்டரைப் பார்க்கச் சொல்லுங்க. யாராவது அக்கா மாதிரி தேங்காய் துருவினதை நினைச்சு இன்னும் அழுதுட்டு இருந்தா, அவங்களுக்கு அந்த 28 நாள் கணக்கைச் சொல்லுங்க.

அக்கா நல்லா இருக்கா. மாத்திரைக்கு தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு அலாரம் வெச்சிருக்கா. போன வாரம் ஊருக்குப் போனப்ப தோசைக்குச் சட்னி அரைக்கணும்னு தேங்காய் துருவிட்டு இருந்தா. என்னைப் பார்த்துச் சிரிச்சா. வேற ஒண்ணும் பேசிக்கல.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.